அண்டாவுக்குப் பின்னால் ஒரு பிளக்

அத்தியாயம் 17

காலை ஆறே முக்காலுக்கு என் அறையில் சிக்னல் ஒரு கோடு. ஏழு மணிக்கு அதுவும் இல்லை. ஏழே காலுக்கு இரண்டு கோடு வந்தது. நான் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்ததும் போய்விட்டது. எழுந்ததால்தான் போனதோ என்று மறுபடியும் படுத்துப் பார்த்தேன். பி.எஸ்ஸி. கணக்குப் படித்தவள் செய்கிற காரியமா இது? செய்தேன். பயம் வந்தால் படிப்பெல்லாம் பாய்க்கு அடியில் போய்விடுகிறது.

மத்தியானம் இரண்டரைக்கு இன்டர்வியூ. சென்னைக் கம்பெனி, கடைசிச் சுற்று.

போன வாரம் இதே இன்டர்வியூ ஏழாவது நிமிடத்தில் அறுந்துபோனது. கேள்வி கேட்ட அந்த அம்மாளின் வாய் பாதி திறந்தபடி திரையில் நின்றதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. கெஞ்சி மெயில் போட்ட பிறகு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். கூடவே ஒரு வரியும் வந்தது: ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்பு விட்டுப்போனால் வராதவராகக் கருதப்படுவீர்கள், இனி மறு தேதி கிடையாது.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கரும்பு வெட்டும் ஆட்களோடு தியாகதுருகம் பக்கம் போய்ப் பத்து நாளாகிறது. அம்மா ராஜாம்பாள் நூறு நாள் வேலைக்கும் களை வெட்டவும் போகிறவள். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாமா சட்டைப் பையில் ஒரு ஜாதகத்தை மடித்து வைத்துக்கொண்டு திரிவது எனக்குத் தெரியும்.

ஹாலில் உட்கார்ந்து பேசினால் என்ன என்று கேட்கலாம். வைஃபை பெட்டி அங்கேதான் இருக்கிறது, சிக்னலும் நன்றாக வரும். ஆனால் தெருவுக்கு அந்தப் பக்கம் மாவு மில். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் பொழுது சாயும் வரை ஓடும். முதல் சுற்றை அங்கே உட்கார்ந்துதான் பேசினேன். ஏதாவது தொழிற்சாலைக்குள் இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். அதனால்தான் பின்னறை. ஹாலிலிருந்து அதற்கு நேர்வழி கிடையாது. சமையல்கட்டு வழியாகச் சுற்றி வரவேண்டும். நடுவில் ஒரு முழுச் சுவர்.

அந்தப் பின்னறை என் அறையும் கிடையாது. அண்ணன் தமிழரசனும் அண்ணி எழில்மதியும் இருந்த அறை. அண்ணி கோபித்துக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போய் நாற்பத்தேழு நாள். அண்ணி போன பிறகு அண்ணன் ஹாலில் படுக்கிறான், நான் இங்கே வந்துவிட்டேன்.

அவள் போன காரணம் ஊருக்கே தெரியும். ஆன்லைனில் டீச்சர் டிப்ளமோ படித்தாள். கடைசிப் பரீட்சை இதே அறையில் பாதியில் அறுந்தது. அழுதுகொண்டு நின்றவளிடம், படித்து என்னத்தைக் கிழிக்கப் போகிறாய் என்று அண்ணன் கேட்டான். அன்று சாயங்கால பஸ்ஸில் ஒரு பையோடு போனவள்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி அவளை அழைத்து வருவதாக ஏற்பாடு. அதற்குள் எந்தக் குழப்பமும் வரக்கூடாது என்று அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். விடிவதற்கு முன் ஆளேற்றிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் இறங்குவான். மலையில் அவன் போன் செத்த போன். நேற்றே என்னிடம் சொல்லிவிட்டான்.

"நாயித்துக்கெழம வரிக்கும் அந்த சாமான் பக்கம் போவாத. இன்னா ஆனாலும் சரி."

நான் போகப் போகிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? என் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

சாமான் என்றால் அண்ணியின் சீர். ஹாலின் பின்சுவர் முழுக்க இரும்பு ஸ்டாண்டு. கீழே பெரிய பித்தளை அண்டா, பக்கத்தில் தவலைகள், அதற்கு மேல் குடங்கள், பொங்கல் பானை, எவர்சில்வர் தூக்குகள், மேல்தட்டில் தாம்பாளங்கள். எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாக எழில்மதி என்று பேர் வெட்டியிருக்கும். கல்யாணத்தன்று அவள் தாய்மாமன் வந்து அடுக்கியது. யார் வீட்டுக்குள் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பெண் கோபித்துக்கொண்டு போயிருக்கிற நேரத்தில் அவள் சாமான் வீட்டு வாசலைத் தாண்டினால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். உறவை அத்துவிட்டாச்சு.

எட்டு மணிக்கு என் வேலையை ஆரம்பித்தேன். வைஃபை பெட்டி டிவி ஸ்டாண்டில் இருந்தது. தூசி படக்கூடாது என்று அம்மா பழைய நைட்டித் துணியில் அதற்கு உறை தைத்துப் போட்டிருந்தாள். போன வருஷ ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் இன்னும் இருந்தது. உறையைக் கழற்றினேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். வயர் எட்டும் தூரம் வரை இழுத்து பீரோவுக்கு மேல் ஏற்றினேன். பின்னறைக்கு ஓடிப் பார்த்தேன். இரண்டு கோடு. தோழிக்கு வீடியோ கால் போட்டேன். மூன்றாவது நிமிடம் அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. திரும்பி ஓடி பெட்டியைச் சாய்த்து வைத்தேன், நிமிர்த்தி வைத்தேன். இப்படியே இருபது தடவை சமையல்கட்டைச் சுற்றியிருப்பேன்.

"இன்னாடி ஜுரம் வந்த கோழியாட்டம் சுத்திக்கினு இருக்க, ஒரு வாய் சோறு துன்னுட்டு சுத்து" என்றாள் அம்மா.

சோறு இறங்கவில்லை. செல்போன் நெட்டை நம்பலாமென்றால் அது கிணற்று மேட்டில் மட்டும் வரும், காற்றடித்தால் போகும். சங்கராபுரம் போகலாமென்றால் அங்கே பிரவுசிங் சென்டரில் ஆதார் திருத்த வந்த கூட்டத்துக்கு நடுவில் யார் எனக்குத் தனி அறை கொடுப்பார்கள்? நீள வயர் போட்டு நேரடியாகக் குத்தலாமென்றால், தோழியிடம் இரவல் வாங்கிய லேப்டாப்பில் அந்த ஓட்டையே உடைந்திருந்தது.

பதினொரு மணிக்கு கேபிள்காரர் கொளஞ்சியப்பன் வந்தார். நான் ஆறு தடவை போன் செய்திருந்தேன். வந்ததும் பீரோவைப் பார்த்தார்.

"இரும்பு மேல குந்த வெச்சிட்டு சிக்னல் வர்லன்னா எப்டி பாப்பா?"

பெட்டியை இறக்கி, மரப் பலகை மேல் ஆள் உயரத்துக்கு வைத்தார். போனில் அளவு காட்டும் ஆப்பைத் திறந்து கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு ஹாலில் நடந்தார். பின்சுவர்ப் பக்கம் போனதும் நின்றார். விரல் முட்டியால் அண்டாவைத் தட்டினார். அது கோயில் மணி மாதிரி அதிர்ந்து அடங்கியது.

"செவுரு மட்டும்னா தாண்டிப் போவும்க்கா. இத்தினி அண்டா குண்டானத் தாண்டி இன்னா போவும்? வர்றத எல்லாம் இதுவே திருப்பி வுட்டுடுது."

அவர் பையிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்தார். நடுவழியில் ஒரு பிளக்கில் செருகினால், இங்கே வருகிற சிக்னலைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளும் என்றார். இரவலாகத் தருவதாகவும் சொன்னார். ஜங்ஷன் பாக்ஸ் போட்டு சமையல்கட்டு நிலையில் வைத்துப் பார்த்தோம். கோடு ஏறுவதும் இறங்குவதுமாக ஆடியது. சுவரை ஒட்டி வைத்தால்தான் நிற்கும். சுவரில் ஒரே ஒரு பிளக். அது அண்டாவுக்குப் பின்னால்.

"ஸ்டாண்ட எறக்கி ரெண்டு அடி நவுத்துனா போதும். சாமான் அந்தாண்ட போனா வழியும் கெடைக்கும், பிளக்கும் கெடைக்கும். இதத்தான் ஆடி மாசமே உங்க மருமவளாண்ட சொல்லிட்டுப் போனேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அம்மா தரையைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன். கொளஞ்சியப்பன் வெள்ளைப் பெட்டியை டிவி மேல் வைத்துவிட்டு, இன்னொரு வீட்டில் கம்ப்ளெய்ன்ட் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார்.

அதன் பிறகு அம்மாவுக்கும் எனக்கும் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. நான் பேசினேன், அவள் சுவரைப் பார்த்தாள். இரண்டு மணி நேரத்துக்கு நகர்த்தி மறுபடி வைக்கப் போகிறோம், யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். நகர்த்தி எங்கே வைப்பது என்றாள். அது நியாயமான கேள்வி. ஹாலில் கட்டில், பீரோ, நெல் மூட்டை போக ஒரு ஆள் கால் நீட்ட இடமில்லை. சமையல்கட்டில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே. வாசல் மட்டும்தான் காலி.

"வாசல்ல வெச்சா ஊரே பாக்கும். நாயித்துக்கெழம அவங்க வந்து குந்தி பேசறதுக்கு முன்னாடி அவங்களுக்கு சேதி போயிடும். வோணாம் மணிமொழி."

"அப்ப எனக்கு இந்த வேல வோணாம். மாமா ஜாதகத்த எடுத்தாரட்டும். எனக்கும் யாராச்சும் அண்டா வாங்கி அடுக்குவாங்க. நானும் அதுக்கு எதிர்ல குந்திக்கினு இருக்கேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். அடிக்க வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. வெற்றிலைப் பையை எடுத்து, பிரித்து, போடாமல் மறுபடி கட்டினாள்.

மணி பன்னிரண்டே முக்கால். நான் பின்னறைக்குப் போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு கோடு. அவசரத்தில் சார்ஜர் முனை ஓட்டையில் நுழைய மறுத்தது. அப்போது ஹாலிலிருந்து சத்தம் வந்தது. பாத்திரத்தோடு பாத்திரம் உரசுகிற சத்தம்.

ஓடிப் போய்ப் பார்த்தால் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, மேல்தட்டுத் தாம்பாளங்களை இறக்கிக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன்.

"நீ தொடாத. எவனாவது கேட்டா நான்தான் எறக்கனன்னு இருக்கட்டும். எம்மேல போவட்டும்."

அண்டாவை மட்டும் அவளால் தனியாகத் தூக்க முடியவில்லை. உருட்டினாள். வாசல் வரை அது உருண்டு போன சத்தம் மில் சத்தத்தையும் தாண்டித் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். ஸ்டாண்டை நான் இழுத்தேன்; அது சீரில் சேர்த்தி இல்லை.

சுவர் வெளியே வந்தது. ஒன்றரை வருடத் தூசி, ஒட்டடை, நடுவில் அந்த பிளக். பக்கத்தில் பென்சிலால் ஒரு அம்புக்குறி. 'பாக்ஸ்' என்று சின்னதாக எழுதியிருந்தது. குடங்களுக்கு நடுவில் கையை விட்டு எழுதியதால் எழுத்து கோணலாக இருந்தது. அண்ணியின் கையெழுத்து. ஒரு நொடி என் கை நின்றது. பிறகு மணியைப் பார்த்தேன். வெள்ளைப் பெட்டியைச் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்து, பச்சையானது.

பின்னறையில் நான்கு கோடும் நின்றன. அசையாமல் நின்றன.

இந்தச் சந்தோஷத்தில் நாங்கள் அந்தச் சாமானை உள்ளே கொண்டுவந்து சமையல்கட்டிலோ கட்டில் மேலோ எப்படியாவது திணித்திருக்க வேண்டும். நான் தலை சீவப் போய்விட்டேன். அம்மாவுக்கு வேறு யோசனை வந்தது. எப்படியும் இறக்கியாச்சு, ஞாயிற்றுக்கிழமை மருமகள் வரும்போது பளபளவென்று இருக்கட்டும் என்று புளியைக் கரைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மருமகளுக்குக் காட்டத் தெரிந்த பிரியம் அந்த அளவுதான். வாயால் ஒருநாளும் காட்டியதில்லை.

இரண்டரைக்கு அழைப்பு வந்தது. ஒரு ஆணும் பெண்ணும். படம் தெளிவாக இருந்தது. அந்தம்மாள் கழுத்துச் சங்கிலியின் கண்ணிகூடத் தெரிந்தது. என் ஆங்கிலம் முதல் கேள்வியில் தடுக்கியது. இரண்டாவதில் எழுந்து நின்றது. காலேஜ் படிக்கும்போது தினமும் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வைத்து, தப்பைத் திருத்தியவள் அண்ணி. இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டதும் அவள்தான்.

இருபதாவது நிமிடம் வாசலில் பைக் வந்து நின்றது.

அந்தப் பைக் சத்தம் எனக்குத் தெரியும். சைலன்சர் ஓட்டை. அண்ணியின் தம்பி சிவசங்கர். அம்மா வாப்பா என்று கூப்பிட்டது கேட்டது. அவள் கூப்பிட்ட பிறகு பதில் வரவில்லை. மில்லும் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. அம்மா மறுபடி ஏதோ சொன்னாள். இந்த முறை குரல் உயர்ந்து, நடுவில் உடைந்தது.

எனக்கு எழுந்து ஓட வேண்டும். ஓடிப்போய் அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து அந்த பிளக்கைக் காட்ட வேண்டும். ஒரு நிமிட வேலை. திரையில் அந்தம்மாள், ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள்.

இல்லை மேடம் என்றேன். கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொன்னேன்.

பைக் கிளம்பிப் போனது. இன்னும் பதினொரு நிமிடம் நான் உட்கார்ந்திருந்தேன். சிரித்தேன்கூட. நாளைக்குள் மெயில் வரும், நன்றாகப் பேசினீர்கள் என்றார் அந்த ஆள். அழைப்பு முடியும் வரை நான்கு கோடும் அப்படியே இருந்தன.

வாசலுக்கு ஓடினேன். வெயிலில் அண்டா கண்ணைக் கூசவைத்தது. நடுவில் அம்மா, முழங்கை வரை புளி.

"ஒரு வார்த்த பேசலடி. குந்துடா, தண்ணி குடிடான்னேன். பாத்துக்கினே இருந்தான். போன எடுத்து போட்டா புடிச்சான். பைக் பின்னால அவ பை கட்டியிருந்திச்சி, போனப்ப கொண்டுனு போனாளே, அதே ஊதா பை. அவுக்கவே இல்ல. அப்டியே திருப்பிக்கினு போயிட்டான்."

பை முன்னால் வந்திருக்கிறது என்றால் பையின் சொந்தக்காரி பின்னால் வர இருந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல், யாரும் பேசி அழைக்காமல், அவளாகவே.

போனை எடுத்தேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ விழுந்திருந்தது. எங்கள் வாசல், அண்ணியின் பேர் வெட்டின சாமான், நடுவில் என் அம்மா. கீழே சிவசங்கர் எழுதியிருந்தான்: 'சீர வெளிய தூக்கி வெச்சாச்சு. இனிமே பேச்சு இன்னாத்துக்கு?' அதற்கு அடுத்த வரி, எழில்மதி குரூப்பிலிருந்து வெளியேறினார்.

என்றைக்கும் சுற்றிச் சுற்றித் திறக்கிற போட்டோ இன்று தொட்டவுடன் திறந்தது. நான் சரிசெய்த சிக்னல்தானே.

அண்ணனுக்கு போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. கூப்பிடு, போட்டோவ பாக்காத என்று மெசேஜ் போட்டேன். ஒரே டிக். மலை இறங்கியதும் எல்லாம் சேர்ந்துதான் விழும்; எதை முதலில் திறப்பான் என்பது அவன் கையில். கோபம் அவனுக்குச் சட்டென்று வரும். ஒரு வார்த்தை திருப்பி எழுதினான் என்றால் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

அண்ணிக்கு இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எனக்கு அழுது பேச வராது. உள்ளே போனேன். காலி ஸ்டாண்டு, சுவர், பச்சை விளக்கு எரியும் வெள்ளைப் பெட்டி எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். அனுப்பினேன். இதுக்குத்தான் அண்ணி எறக்கனோம், என் இன்டர்வியூக்கு சிக்னல் வர்ல, வேற ஒண்ணும் இல்ல, அம்மா தேச்சி வெச்சிக்கினு இருக்காங்க நீங்க வர்றீங்கன்னு, என்று எழுதினேன்.

டிக் இரண்டும் உடனே நீலமாயின. அப்பாடா என்று இருந்தது. விஷயம் இவ்வளவுதான், புரிந்துவிடும். அவள் டைப் செய்வது தெரிந்தது. நின்றது. மறுபடி டைப் செய்தாள்.

'இன்டர்வியூ நல்லா போச்சா மணி?'

நல்லா போச்சு அண்ணி என்று அனுப்பினேன்.

அடுத்த மெசேஜ் வந்தது.

'அந்த அம்புக்குறி நான் போட்டது. என் சாமான நானே நவுத்தக் கூடாதான்னு கேட்டேன். நீயும் அங்கதான் நின்னுக்கினு இருந்த.'

இருந்தேன். ஆடி மாதம், பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால். அம்மா கூடாது என்றாள், அண்ணன் கூடாது என்றான். நான் ஹாலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிக்னல் நன்றாக இருந்தது.

வாசலில் இருந்து அம்மா கேட்டாள், இன்னா சொல்றா, வர்றாளாமா என்று. கையில் புளியோடு அவள் எழுந்து நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவளிடம் நான் எதைப் படித்துக் காட்டுவது?

அண்ணி இன்னும் ஏதாவது எழுதியிருப்பாளா என்று போனைப் பார்த்தேன். இல்லை. அண்ணனுக்கு மலையில் எந்த வளைவில் சிக்னல் கிடைத்ததோ, அவனுக்கு அனுப்பியதில் ஒற்றை டிக் இரண்டாகியிருந்தது. குரூப்பில் அவன் பேருக்குக் கீழே டைப் செய்கிறார் என்று வந்துகொண்டிருந்தது.